ஒன்பதாவது ஆள்

ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு துண்டுக்கு ஓரம் தைக்கிறவளுக்குக் கோபம் வந்தால் முதலில் உடைவது ஊசிதான். அந்த ஜூன் மாதத்தில் மட்டும் தோமோயெ ஐந்து ஊசி உடைத்தாள். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. புது ஊசியை மேசையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டார். அவருக்கும் வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் இசுமிசானோவில் மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். கடல் பக்கமிருந்து உப்புக்காற்று, ஆலைக்குள் பஞ்சுத் தூசி, இரண்டும் சேர்ந்து வேர்த்த கையில் பசையாக ஒட்டிக்கொள்ளும். நெய்து முடித்த பிறகு வெளுக்கிற ஊர் எங்களுடையது. அதனால்தான் எங்கள் துண்டு வாங்கிய அன்றைக்கே தண்ணீரைக் குடிக்கும். தோமோயெயின் புருஷன் கோஹெய்க்கு வெளுப்புப் பட்டறையில் வேலை. புருஷனும் பெண்சாதியும் இருபது வருஷமாக ஊரார் உடம்பு துடைக்கத் துண்டு செய்துகொண்டிருக்க, பெற்ற மகள் ஒவ்வொரு போட்டியிலிருந்தும் நனையாமல் திரும்பி வருகிறாள் என்பதுதான் தோமோயெயின் ஆத்திரம்.

மகள் நாகிக்குப் பதினேழு வயது. எட்டு வயதிலிருந்து சிங்க்ரோ. பெரிய மனிதர்கள் கூடிப் பேரை மாற்றி, கலை நீச்சல் என்று வைத்து வருஷக்கணக்காகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இன்னும் சிங்க்ரோதான்.

பக்கத்துத் தையல் மெஷினில் உட்காரும் ஒகுனோவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நூலைக் கோத்துக்கொண்டே கேட்பாள்.

"நேத்தாவது எறங்கினாளா உம் பொண்ணு?"

"எறங்கல."

"அப்ப எதுக்குத்தான் போறா? வேடிக்க பாக்கவா?"

தோமோயெ எத்தனையோ தடவை விளக்கிவிட்டாள். ஓர் அணிக்கு எட்டுப் பேர். ஆழமான குளம், காலைத் தரையில் ஊன்றக்கூடாது. முட்டை அடிக்கிற கரண்டியைப் போல முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் சுழற்றிக்கொண்டே இருந்தால்தான் இடுப்புக்கு மேலே தண்ணீரை விட்டு எழும்பி நிற்கலாம். மூக்கில் கவ்வி, கண்ணுக்கு ஒன்றும் கிடையாது. தலைகீழாக நின்று காலை மட்டும் வெளியே நீட்டி ஆட வேண்டும், இருபது இருபத்தைந்து விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு. பாட்டு தண்ணீருக்குள்ளேயும் கேட்கும், அதற்குத் தனியாகப் பெட்டி இறக்கியிருப்பார்கள். மேலே வந்ததும் இரைக்கக்கூடாது, சிரிக்க வேண்டும். எட்டுப் பேரும் ஒரே ஆள் மாதிரி.

"சரி, ஒம்பதாவது ஆளு எதுக்கு?"

"யாருக்காவது ஒடம்புக்கு முடியலன்னா எறங்க."

"முடியாமப் போவுதா?"

"இந்த ரெண்டு வருஷத்துல ஒருத்தி தும்மக்கூட இல்ல," என்றாள் தோமோயெ. அன்றைக்கு நான்காவது ஊசி போயிற்று.

ஒன்பதாவது ஆளின் பாடு சொல்லி மாளாது. எட்டுப் பேரில் ஒவ்வொருத்திக்கும் ஒரு இடம், ஒரு வழி. அவரவர் வழியை அவரவர் படித்தால் போதும். நாகிக்கு எட்டு வழியும் பாடம். இன்றைக்கு ஒருத்திக்குப் பள்ளியில் பரீட்சை என்றால் அவள் இடத்தில் நிற்பாள், நாளைக்கு இன்னொருத்தி ரயிலைத் தவறவிட்டால் அந்த இடம். வந்துவிட்டாளா, ஏறிவந்து கரையில் உட்கார். போட்டியன்றைக்கும் அப்படித்தான். மற்றவர்களைப் போலவே தலையை வாரி, கொண்டையைக் குத்தி, ஜெலட்டினைக் கொதிநீரில் கரைத்துத் தூரிகையால் பூசி இறுக்க வேண்டும். ஜிகினா தைத்த உடுப்பை மாட்டி, கண்ணுக்கு மையிட்டு, எட்டுப் பேரும் குளத்தில் குதிக்கிற வரைக்கும் தயாராக நிற்க வேண்டும். குதித்த பிறகு அவளைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஜெலட்டின் குளத்துத் தண்ணீருக்கு அசையாது, சுடுநீருக்குத்தான் இளகும். வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து, நீந்தாத தலையை ஒரு மணிநேரம் சுடுநீர் ஊற்றிக் கழுவுவாள் நாகி. வெளியே நிற்கிற தோமோயெக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோஹெய்க்கும் பொறுமை போயிற்று. போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை, சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தான். அவன் கத்துகிற ஆள் இல்லை. உப்பில் ஊறவைத்துப் பச்சையாகவே தின்கிற நீர்க்கத்தரிக்காயைக் கையால் நாலாகக் கிழித்து மகள் தட்டில் வைத்துக்கொண்டே பேசினான். போக ஒன்றரை மணிநேர ரயில், வர ஒன்றரை மணிநேரம், வாரத்தில் ஆறு நாள். கரையில் உட்காருவதற்கு எதற்கு இத்தனை என்றான். இந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அவள் நீந்தினால் தொடரட்டும், தான் வாயைத் திறக்கப்போவதில்லை. இல்லாவிட்டால் ஜூலையிலிருந்து டியூஷன், கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்கட்டும். நாகி கத்தரிக்காயைச் சாப்பிட்டு முடித்து, சரி என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் தோமோயெக்கு வயிறு எரிந்தது. கத்தவாவது செய்யக்கூடாதா இந்தப் பெண்.

"எறங்குறதா வேணாமான்னு அவளா முடிவு பண்றா? பயிற்சி குடுக்கிற சென்செய்தானே பண்றாங்க?" என்றாள் தோமோயெ.

"அதைத்தான் சொல்றேன்," என்றான் கோஹெய். "அவ கையில இல்லாத காரியத்துக்கு அவ வயச ஏன் குடுக்கணும்?"

தோமோயெ எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. வெந்நீர்க் கெட்டில்கள், கிண்ணங்கள், தூரிகைகள், கொண்டை ஊசி டப்பா எல்லாவற்றையும் சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். அணியில் தலை வேலை தோமோயெயின் பொறுப்பு. மற்ற அம்மாக்கள் ஒரு தலைக்கு அரைமணி எடுத்துக்கொள்வார்கள். தைக்கிற கை இல்லையா, இவளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். அதனால் ஒன்பது தலையும் இவள் மடியில்தான் வந்து விழும். தன் பெண்ணை உட்கார வைத்தவர்களின் பெண்களுக்கெல்லாம் தலை சீவி விடுகிறேன் என்று மனசுக்குள் புலம்பாமல் ஒரு தலையும் அவள் சீவியதில்லை. ஆனால் ஒரு முடிகூடப் பிசிறாது, அதையும் சொல்ல வேண்டும்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே நடைபாதையில் பழைய துண்டுகளை விரித்து ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். நடைபாதை முழுக்க எலும்பு வேகிற வாடை, அது ஜெலட்டின் வாடை. நாகியை முதலிலேயே முடித்து அனுப்பியாயிற்று. ஐந்தாவதாக வந்து உட்கார்ந்தாள் யுசுகி, முகாய் வீட்டுப் பெண். சிரித்த முகம், கலகலவென்று பேசுவாள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தோமோயெ முடியைப் பிரித்து வலது காதுக்குப் பின்னால் சீப்பை இழுத்தாள். யுசுகியின் தோள் வெடுக்கென்று துள்ளியது.

தோமோயெ சீப்பை வைத்துவிட்டு விரலால் தடவினாள். முடிக்குள்ளே, வெளியே தெரியாமல், ஒரு பிளம் பழம் அளவுக்கு வீக்கம்.

"இது என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, நாகி அம்மா. செவ்வாக்கிழமை லேசா இடிச்சிச்சு."

"யாரு இடிச்சா?"

"தண்ணிக்குள்ள யாருன்னு தெரியுமா." எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தோமோயெயைப் பார்க்காமல் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அஞ்சு மாசமா இதுக்குத்தான் செத்துக்கிட்டிருக்கோம்."

"தலை சுத்துதா?"

"காலைல மட்டும்."

"வாந்தி?"

யுசுகி குனிந்து காலடித் துண்டின் ஓரத்தை நீவினாள்.

தலையில் அடிபட்ட பெண் தலைகீழாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போகும் என்பது தோமோயெக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகப் படிக்கட்டிலிருந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அது கூடவா தெரியாது. ஆனால் அந்த வீக்கத்தில் விரல் பட்டதும் அவள் மனசில் முதலில் வந்தது அது இல்லை. நாகி இறங்குவாள் என்பதுதான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகு, இரண்டாவதாக வந்தது. வரிசை அப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. வீங்கிய இடத்தைத் தொடாமல் கொண்டையைக் குத்தி, பூசி முடித்து, யுசுகியை அனுப்பிவிட்டு எழுந்தாள்.

யுசுகியின் அம்மா பார்வையாளர் படிக்கட்டில் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். முகாய் வீட்டம்மா நல்ல மாதிரிதான். மழையில் ரயில் நின்றுபோன ஒரு நாள் நாகியைத் தன் காரில் வீடுவரை கொண்டுவந்து விட்டவள். தோமோயெ அவளை ஓரமாகக் கூப்பிட்டு, அடிபட்டதையும் காலையில் தலை சுற்றுவதையும் தணிந்த குரலில் சொன்னாள்.

முகாய் கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கயிற்றை விடவில்லை.

"எம் பொண்ணு தலை எனக்குத் தெரியாதா, நாகி அம்மா? ஐஸ் வச்சோம். வீக்கம் பாதி இறங்கிடுச்சு."

"சென்செய்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமே. அவங்க பாத்து முடிவு பண்ணட்டும்."

"சொன்னா எறக்க மாட்டாங்க. அது உங்களுக்கும் தெரியும்."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

"ஆமா," என்றாள் முகாய். அதற்குப் பிறகு சொன்னதை அவளே எதிர்பார்த்திருக்கமாட்டாள் என்று தோன்றுகிறது. "உங்க பொண்ணு வெளிய உக்காந்திருக்கிறது எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அதுக்காக அடுத்தவ பொண்ணு தலையில கை வைக்கணுமா?"

தோமோயெக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. என்ன சொல்வாள்? இல்லை என்று சத்தியம் செய்யலாம், பாதிதான் உண்மையாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து வணங்கிவிட்டு வந்தாள். இன்னும் நான்கு தலை பாக்கி இருந்தது. அதையும் உட்கார்ந்து பூசினாள், ஒருத்திக்கு நெற்றியில் வழிந்துவிட்டது. இந்த அவமானத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நீந்திவிட்டு வந்துவிடலாம். வராமலும் போகலாம். பெயர் மாற்றுவதற்குக் கெடு பதினொன்றரை. நடைபாதைக் கடிகாரத்தில் பதினொன்று பதினேழு.

அம்மாக்கள் குளத்தங்கரைக்குப் போகக்கூடாது என்பது எழுதாத சட்டம். தோமோயெ செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு ஈரத்தில் நடந்துபோனாள். கஜிவாரா சென்செய் ஏணிக்கம்பியை இரும்புக்குச்சியால் தட்டித் தாளக்கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டித் தட்டி, கத்திக் கத்தி, அந்த அம்மாளுக்குத் தொண்டை போய்ப் பத்து வருஷமாகிறது. தோமோயெ சொன்னதை முழுக்கக் கேட்டார். ஏன் வந்தாய் என்றோ, உன் பெண்ணுக்காகவா என்றோ ஒன்றும் கேட்கவில்லை. யுசுகியைக் கூப்பிட்டு, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். எண்ணிக்கை நான்கு வருவதற்குள் யுசுகி பக்கவாட்டில் சாய்ந்து சென்செயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாகி," என்றார் சென்செய், கரகரத்த குரலில். "யுசுகியோட எடம். உடுப்ப மாட்டு."

ரொம்ப நாளாக வேண்டிக்கொண்ட வார்த்தை. அது இப்படியா வர வேண்டும்? யுசுகி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், ஏழு பெண்களும் அவளைச் சுற்றி நின்றார்கள். நாகி அந்த வட்டத்துக்கு வெளியே இருந்து நேராக அம்மாவிடம் வந்தாள்.

"நீதான் சொன்னியா?"

"நாந்தான்."

"உன்னை யாரு கேட்டா?"

"அவளுக்குத் தலை சுத்துதுடி. உள்ள போயி ஏதாவது ஆச்சுன்னா..."

"செவ்வாக்கிழமை சாயோ லேட்டு. அவ எடத்துல நான் நின்னேன்," என்றாள் நாகி. குரல் ஏறவே இல்லை. "யுசுகிய ஒதைச்சது என் காலுதான். அவ யார்கிட்டயும் சொல்லல. என்னைக் காட்டிக் குடுக்கக்கூடாதுன்னு அவங்கம்மாகிட்டக்கூட ஆளச் சொல்லல. நான் ஒதைச்சேன், எங்கம்மா போட்டுக் குடுத்தா, அவ எடத்துல நான் எறங்குறேன். நல்லாயிருக்கா?"

தோமோயெயின் ஈரக் காலுறையில் குளிர் ஏறியது. நாகி தூரப் போய், பெஞ்சில் மடித்து வைத்திருந்த உடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினொன்றாவது அணியாகக் கூப்பிட்டார்கள். எட்டுப் பேரும் வரிசையாக, கட்டைவிரலை முதலில் ஊன்றி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். எட்டு முகத்திலும் ஒரே சிரிப்பு. இரண்டு வருஷமாகத் தோமோயெ பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து எட்டுப் பேரையும் குறை கண்டுபிடித்தே பார்த்திருக்கிறாள். இவள் முழங்கால் வளைகிறது, அவள் கழுத்து குறுகுகிறது, இவர்களைவிட என் பெண் எதில் மட்டம் என்று. அன்றைக்குத்தான் ஒருத்தியை மட்டும் பார்த்தாள். பக்கத்தில் இரண்டு இருக்கை காலியாக இருந்தது. முகாய் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மற்ற அம்மாக்கள் ஏனோ ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் தூக்கலில் நாகி தண்ணீருக்கடியில் இருந்தாள். மற்றவர்கள் அவளைத் தாங்க, அவள் தோளில் நின்ற பெண் கூரையைப் பார்த்துப் பறந்து, முறுக்கி, சுத்தமாக விழுந்தாள். தோமோயெ மூச்சு விட்டாள். இரண்டாவது பகுதியில் எட்டு ஜோடிக் கால்கள் ஒன்றாக எழுந்து, ஒன்றாகச் சுழன்று, தண்ணீர் தெறிக்காமல் இறங்கின. அதில் நாகி எது என்று இடத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. நல்லா பண்றா, நல்லா பண்றா என்று தோமோயெ உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார வைத்தவர்களே, பாருங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது பகுதி குறுக்கே கடக்கிறது. நாலு பேர் இந்தப் பக்கமிருந்து, நாலு பேர் அந்தப் பக்கமிருந்து, தலைகீழாக நின்றபடி பாவும் ஊடுமாக ஒருவர் இடைவெளியில் ஒருவர் புகுந்து போக வேண்டும். போகும்போது இரண்டு காலையும் தண்ணீர் மட்டத்துக்கு விரித்து, நேர்க்கோடாக்கி, மறுபடி சேர்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அடிபட்டது இந்த இடத்தில்தான். கால்கள் விரிந்தன. ஏழு பேருடையது நேர்க்கோடு. சாயோவின் பக்கம் போன நாகியின் இடது கால் முக்கால்வாசி இறங்கி, அங்கேயே நின்று, மேலே போய்ச் சேர்ந்துகொண்டது.

கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. கைத்தட்டல்கூட நடுவில் எழுந்தது. ஆனால் நடுவர்கள் விடமாட்டார்கள், இந்த விளையாட்டின் இன்றைய சட்டம் அப்படி. என்னென்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே அட்டையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதியதை எட்டுப் பேரில் ஒருத்தி ஒரு தடவை செய்யாமல் விட்டாலும் அந்தப் பகுதி மொத்தத்துக்கும் அடிமட்ட மதிப்பெண்தான். மற்ற ஏழு பேரும் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் கணக்கில் வராது. ஒருத்தி கால் ஒரு முழம் குறைந்தால் எட்டுப் பேரின் ஐந்து மாதம் போச்சு.

போயிற்று. பலகையில் மூன்றாவது பகுதிக்கு எதிரே அந்தச் சின்ன எண் சிவப்பில் வந்தது. தேசியப் போட்டிக்கு முதல் ஆறு அணி. இவர்கள் ஏழாவது, இரண்டு புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

கஜிவாரா சென்செய் பதிவைக் கைப்பேசியில் ஓட்டிப் பார்த்தார். பெண்கள் எட்டுப் பேரும் துண்டைப் போர்த்திக்கொண்டு எதிரே நின்றார்கள்.

"நாகி, இது உன் காலு."

"ஆமா, சென்செய்."

"ஏன் நிறுத்தின?"

நாகி துண்டை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள். சென்செய் மறுபடி கேட்கவில்லை. குளத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். எட்டுப் பேரும் கரையில் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். நாகிதான் கடைசியாக நிமிர்ந்தாள்.

யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தோமோயெக்குத் தேவலையாக இருந்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு. நன்றாக உழைத்தீர்கள், நன்றாக உழைத்தீர்கள் என்று அம்மாக்கள் ஒருவருக்கொருவர் குனிந்து சொல்லிக்கொண்டார்கள். தோமோயெக்கும் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் குனிந்ததைவிட நாலு விரற்கடை குறைவாகக் குனிந்தார்கள். கிண்ணங்களை அவள் ஒருத்தியாகவே கழுவினாள். போன தடவை வரை கூட நின்று கழுவிய இரண்டு பேருக்கும் அன்றைக்கு அவசர வேலை இருந்தது.

வேனில் சாமான்களை ஏற்றும்போது அம்மாக்களின் கைப்பேசிக் குழுவில் முகாயின் செய்தி வந்து விழுந்தது. ஸ்கேன் எடுத்தாயிற்று, உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு வாரம் ஓய்வு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், எல்லோருடைய அக்கறைக்கும் நன்றி. அதற்குக் கீழே ஒவ்வொருத்தியாக, நல்லவேளை, நல்லவேளை என்று போட்டுக்கொண்டே வந்தார்கள். தோமோயெயும் நல்லவேளை என்று போட்டாள். நிஜமாகவே நல்லவேளைதான், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஸ்கேனில் ஏதாவது துளி இருந்திருந்தால் தன் பக்கம் நியாயம் என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதற்காகத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. தேவையே இல்லாமல் ஒரு பெண்ணை வெளியே எடுத்து, தன் பெண்ணை உள்ளே தள்ளி, அணியையும் கவிழ்த்தவள். ஊர்க் கணக்கில் அவ்வளவுதான்.

மழை விடவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் இறைத்த தண்ணீரில் துடைப்பான் திணறியது. பாதி வழியில் கோஹெய் கூப்பிட்டான். தோமோயெ ஸ்பீக்கரில் போட்டாள்.

"எறங்கினாளா?"

"எறங்கினா."

"எப்படி?"

"தோத்துட்டாங்க."

"அதைக் கேக்கல. எறங்கினாள்ல. அப்ப சரி, டியூஷன் பேச்ச நான் எடுக்க மாட்டேன். சொன்னா சொன்னதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "சாப்பிட்டீங்களா? வெங்காயமும் ஆக்டோபசும் போட்டு வதக்கி வச்சிருக்கேன்," என்றான்.

போன் அணைந்தது. நாகி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெலட்டின் பூசிய தலை எதிரே வரும் விளக்குக்கெல்லாம் பளபளத்தது. தொடரலாம் என்ற செய்தியைக் கேட்டதற்கு அடையாளமாக முகத்தில் ஒன்றுமே இல்லை. சுங்கச்சாவடி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? நீ அவளுக்காகச் சொன்னியா, எனக்காகச் சொன்னியா?"

தோமோயெ பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. ஆனால் காலையிலிருந்து அவளும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் கலந்துதான் வந்துச்சு. பிரிச்சுச் சொல்லுன்னா எனக்குத் தெரியலடி."

நாகி சன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தாள்.

"நானும் செவ்வாக்கிழமையிலேர்ந்து சொல்லல," என்றாள். "யுசுகிக்காகத்தான் சொல்லலன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா தெனமும் அவ ஏணியில ஏறும்போது பாத்துக்கிட்டே இருந்தேன், தடுமாறுறாளான்னு. எதுக்குப் பாத்தேன்னு எனக்கும் தெரியல."

இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் வெந்தவர்கள்தான் என்று தெரிந்ததில் தோமோயெக்கு ஆறுதல் வரவில்லை, இன்னும் எரிச்சல்தான் வந்தது. யார்மேல் எரிந்து விழுவது என்று ஆளும் கிடைக்கவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்தது வேறொரு வழியாகப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

"எல்லாம் போகட்டும். அந்தக் கால நீட்டியிருக்கலாம்ல. ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் கெடந்து, ஒரே ஒரு கால நீட்ட முடியாமப் போச்சா உனக்கு?"

"நீட்டியிருந்தா சாயோ தலையில பட்டிருக்கும்."

"பட்டிருக்காது."

"உனக்கெப்படித் தெரியும்? நீ என்ன தண்ணிக்குள்ளயா இருந்த?"

"நான் மேலேர்ந்து உன்னை மட்டும்தான்டி பாத்துக்கிட்டிருந்தேன். சாயோ தாண்டிப் போயிட்டா. உன் காலுக்கும் அவ தலைக்கும் நடுவுல ரெண்டு முழம் எடம் இருந்துச்சு."

நாகி அம்மா பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு முழமா?"

"ரெண்டு முழம். நல்லாவே இருந்துச்சு."

நாகி இருக்கையில் இரண்டு காலையும் மடக்கி வைத்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் தோற்றதற்கோ, உட்காரவைத்ததற்கோ அவள் அழுது தோமோயெ பார்த்ததில்லை. இப்போது வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். தோமோயெ வண்டியை ஓரம் கட்டவும் இல்லை, ஒரு கையை எடுத்து அவள் முதுகில் வைக்கவும் இல்லை. இசுமிசானோவுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அழுது முடிக்கட்டும் என்று வேகத்தை மட்டும் குறைத்தாள்.